ஆய்வேட்டை நூலாக்குவது: பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி எப்படிப் போகிறது?

கேட்டது இது: இலக்கியத்தில் முனைவர் பட்டம் முடிந்துவிட்டது, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் மூலம் நூலாகக் கொண்டுவர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் ஆகும், எங்கே சறுக்கும்?

காலக் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். திருத்தி எழுத ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். பதிப்பகம் முழுப்படியை (நூலின் முழுக் கையெழுத்துப்படியை) வெளி அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்பி அறிக்கைகளை வாங்கித் தர நான்கு முதல் ஆறு மாதம். அதன்படி திருத்தி ஒப்புதல் பெற இன்னொரு ஆறு மாதம். இறுதிப்படியைக் கொடுத்த பிறகு அச்சாகி வெளிவர ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். மூன்று நான்கு ஆண்டுக்கு மனதைத் தயார் செய்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. அனுமதிக் கடிதங்களும், பொருந்தாத பதிப்பகத்தின் வாசலில் காத்துக் கிடப்பதும், மதிப்பீட்டாளர்களுக்கு எழுதும் பதிலில் தடுமாறுவதும், நூலின் முடிவில் பெயர்களையும் பொருள்களையும் பக்க எண்ணோடு அடுக்கும் கடைசி நேரச் சொல்லடைவும்தான் பெரும்பாலும் மாதங்களைத் தின்கின்றன. ஆய்வின் தரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனால் கீழே இவற்றுக்கே அதிக இடம்.

நூலுக்கு முன் கட்டுரை வெளியிடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக வெளியிடலாம். ஓர் இயல் நல்ல ஆய்விதழில் வந்திருந்தால் பதிப்பாசிரியருக்கு அது ஒரு சான்று. இரண்டு வந்தாலும் குற்றமில்லை. ஐந்து இயல்களில் மூன்று ஏற்கெனவே இதழ்களில் கிடைக்கிறது என்றால்தான் ‘நூலகங்கள் இதை எதற்கு வாங்க வேண்டும்’ என்ற கேள்வி வரும். இதழோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், கட்டுரையைச் சொந்த நூலில் மீண்டும் பயன்படுத்தும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல இதழ்களில் இருக்கும். இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் கேட்டால் சேர்த்துவிடுவார்கள். பின்னர் கேட்டால் அதுவே ஓர் அனுமதிக் கடிதப் போக்குவரத்தாகிவிடும்.

இலக்கிய ஆய்விதழ்கள் பலவற்றில் கட்டுரை 6,000 முதல் 9,000 சொற்கள், குறிப்புகளையும் சேர்த்து. 15,000 சொல் இயலை வெட்டிச் சுருக்கினால் மட்டும் கட்டுரை ஆகாது. இயல் தனக்கு முந்தைய இயல்களில் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வை எடுத்துவிட்டு ஒரே ஒரு வாதத்தைத் தன் காலில் நிற்க வைக்க வேண்டும். இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பீடு என்றால், ‘எனது முந்தைய கட்டுரையில் காட்டியதுபோல’ என்ற ஒரு தொடர் போதும், ஆளைக் காட்டிக் கொடுக்க. உங்களையே மூன்றாம் ஆளாகச் சுட்டுங்கள், நன்றியுரையை எடுத்துவிடுங்கள், வேர்டு கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரையும் நீக்குங்கள். ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது துறையில் பொறுக்கப்படாத குற்றம். நூல் முன்மொழிவுக்கு இந்த விதி வேறு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றும்போது, சில ஆண்டுகள் பொதுப் பார்வைக்குத் திறக்காமல் வைக்கும் வாய்ப்பு பல இடங்களில் உண்டு. அமெரிக்க வரலாற்றுக் கழகம் 2013இல் ஆறு ஆண்டு வரை அப்படி வைத்துக்கொள்ள இடம் தர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டபோது பெரிய வாக்குவாதமே நடந்தது. நன்றாகத் திருத்தி எழுதிய நூலுக்கும் ஆய்வேட்டுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் பதிப்பகங்கள் பலவும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் மூடி வைத்ததைத் திறப்பது எளிது, திறந்ததை மூடுவது கடினம். படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால் நிரப்பிவிடுங்கள்.

இனித் திருத்தம். ஆய்வேட்டைப் படிக்கும் தேர்வாளருக்கு, இவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறாரா என்று சோதிக்கும் கடமை இருக்கிறது. நூலைப் படிப்பவருக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மற்ற எல்லா மாற்றங்களும் தாமாக வரும். முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் இயல் போய்விடும். அதில் உண்மையிலேயே வாதத்துக்கு வேண்டிய நான்கைந்து பெயர்கள் முன்னுரையின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும், மிச்சம் குறிப்புகளுக்குப் போகும். கோட்பாட்டு இயலும் தனியாக நிற்கக் கூடாது. கோட்பாடு எந்தப் பனுவலைத் திறக்கிறதோ அந்த இடத்தில் அரைப் பக்கமாக வரட்டும். ‘இவ்வியலில் முதலில் பார்க்கப்படுவது’, ‘மேலே கண்டவாறு’, ‘அடுத்த இயலில் விளக்கப்படும்’ போன்ற வழிகாட்டிப் பலகைகளைத் தேடி எடுத்தால் 300 பக்கத்தில் ஐந்தாறு பக்கம் குறையும். எல்லாவற்றையும் திரும்பச் சொல்லும் முடிவுரையும் வேண்டாம்.

அளவு முக்கியம். முதல் நூலுக்குப் பல பதிப்பகங்கள் விரும்புவது 80,000 முதல் 1,00,000 சொற்கள். குறிப்புகளும் நூற்பட்டியலும் இதற்குள் அடக்கம். இந்த ‘அடக்கம்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் உடல் மட்டும் 1,00,000, குறிப்பு 35,000 என்று கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் உண்டு. நீளம் கூடினால் காகிதம், செப்பனிடல் (மொழியையும் நடையையும் திருத்துவது), பக்க வடிவமைப்பு எல்லாமே கூடும். ஆய்வு நூல்கள் சில நூறு படிகளே விற்கும் சந்தையில் அது நேராக விலையில் ஏறும். மேற்கோள்களிலும் கைவையுங்கள். எட்டு வரிக்கு மேல் தனிப் பத்தியாக நிற்கும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் அடியில் அதை வரி வரியாகப் படித்துக் காட்டும் உங்கள் எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மேற்கோள் அலங்காரம்தான். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள், தலைப்பையும் மாற்றுங்கள். ஆய்வேட்டுத் தலைப்புகளில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் மூன்று எழுத்தாளர் பெயரும் இரண்டு ஆண்டும் வரும். நூலுக்கு அது ஆகாது.

பதிப்பகத்தைத் தேர்வதற்கு உங்கள் நூற்பட்டியலே நல்ல வழிகாட்டி. கடந்த பத்தாண்டில் வந்து நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டிய நூல்கள் எந்தப் பதிப்பகங்களிலிருந்து வந்தன என்று எண்ணுங்கள். மூன்று நான்கு பெயர்கள் மேலே வரும். அவற்றில் உங்கள் துறைக்கென்று தனி வரிசையோ, அத்துறை நூல்களைத் தேடி வாங்கும் பதிப்பாசிரியரோ இருக்கிறாரா என்று பாருங்கள். புகழ்பெற்ற பதிப்பகம், ஆனால் உங்கள் துறையில் பத்தாண்டாக ஒரு நூலும் போடவில்லை என்றால் கதவு தட்டுவது வீண். அங்கே அதை மதிப்பிட ஆளும் இல்லை, விற்க வழியும் இல்லை.

முன்மொழிவு ஐந்து முதல் பத்துப் பக்கம். முதல் பக்கத்திலேயே நூல் என்ன வாதிடுகிறது என்பது துறைக்கு வெளியே உள்ளவருக்கும் புரிய வேண்டும். பிறகு இயல்வாரியாக ஒவ்வொரு பத்தி, மொத்தச் சொல் எண்ணிக்கை, படங்களின் எண்ணிக்கை, யார் படிப்பார்கள், எந்தப் பாடத்தில் பயன்படும், ஏற்கெனவே வெளியான பகுதிகள், முழுப்படி எப்போது தயாராகும். இதே பொருளில் வந்த நான்கைந்து நூல்களோடு உங்களுடையது எப்படி உறவாடுகிறது என்பதும் வேண்டும். இங்கே ‘இப்பொருளில் வேறு நூலே இல்லை’ என்று பெருமையாக எழுதுவது எதிர்மறையாகவே வேலை செய்யும். நூலே இல்லை என்றால் வாசகரும் இல்லை என்று பதிப்பாசிரியர் எடுத்துக்கொள்வார். ஆய்வேட்டின் சுருக்கத்தை அப்படியே ஒட்டுவது இன்னொரு பழக்கம். இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். முன்மொழிவை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாம், அப்படி அனுப்பியிருப்பதாகக் கடிதத்தில் சொல்வது மரியாதை. முழுப்படியை மதிப்பீட்டுக்குக் கேட்கும்போது மட்டும் பெரும்பாலும் தமக்கே தனியாக வேண்டும் என்பார்கள்.

பட்டம் முடித்த சில வாரங்களில் ‘உங்கள் ஆய்வேட்டை நூலாக வெளியிட விரும்புகிறோம்’ என்று தாமாக மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. மதிப்பீடு கிடையாது, திருத்தம் கிடையாது, கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்புவார்கள், உரிமையை எடுத்துக்கொள்வார்கள். அதே ஆய்வை வேறு நல்ல பதிப்பகம் பிறகு தொடாது. ஒரு நூலை மதிப்பீட்டாளர் எத்தனை பேர் படிப்பார்கள், அவர்களை யார் தேர்வு செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராவிட்டால் விலகிவிடலாம்.

பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியருக்குப் பிடித்துவிட்டால் மட்டும் நூல் வந்துவிடாது. அவர் இரண்டு வெளி அறிஞர்களின் அறிக்கை வாங்கி, அதற்கு உங்கள் பதிலையும் சேர்த்து, பேராசிரியர்கள் அடங்கிய குழுவின் முன் வைக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் இந்தக் குழுவினரை டெலிகேட்டுகள் என்றும், கேம்பிரிட்ஜில் சிண்டிக்குகள் என்றும் அழைப்பது பழைய மரபு. குழுவில் வரலாற்றாசிரியரும் இருப்பார், இயற்பியலாளரும் இருக்கலாம். உங்கள் முழுப்படியை அவர்களில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவர்கள் மேசையில் இருப்பவை இரண்டு அறிக்கை, உங்கள் பதில் கடிதம், பதிப்பாசிரியரின் குறிப்பு ஆகியவைதான். ஆகவே அந்த இரண்டு மூன்று பக்கப் பதில் கடிதம் ஓர் இயலுக்குச் சமமான எழுத்து.

அதை எழுதும் முறை இதுதான். அறிக்கை வந்த அன்று எழுதாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு இரண்டு அறிக்கையிலும் உள்ள கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டுப் பிரியுங்கள். இருவரும் கேட்டது, ஒருவர் மட்டும் கேட்டது, ஒருவருக்கொருவர் முரண்படுவது. இருவரும் கேட்டதைச் செய்தே ஆக வேண்டும், அதைக் கடிதத்தின் முதலில் வையுங்கள். முரண்படும் இடத்தில் உங்களுக்கு உண்மையில் சுதந்திரம் கிடைக்கிறது: ஒருவர் மூன்றாம் இயலை விரிக்கச் சொல்கிறார், மற்றவர் எடுக்கச் சொல்கிறார் என்றால், நூலின் வாதத்துக்கு எது தேவை என்று காரணம் சொல்லி ஒரு வழியை எடுக்கலாம். மறுக்கும் கோரிக்கைக்கும் காரணம் வேண்டும், அதுவும் தாழ்ந்த குரலில். ‘மதிப்பீட்டாளர் சரியாகப் படிக்கவில்லை’ என்று தோன்றும் இடங்களில், அவர் அப்படிப் படிக்கும்படி எழுதியது எந்த வாக்கியம் என்று தேடுவதே பயன் தரும். ‘எல்லா ஆலோசனைகளையும் கவனத்தில் கொள்வேன்’ என்ற பொதுப் பதில் குழுவுக்கு ஒன்றும் சொல்வதில்லை. ‘இரண்டாம் இயலின் கடைசி 12 பக்கத்தை நீக்கி, அச்சுப் பண்பாடு பற்றிய 3,000 சொல் பகுதியைச் சேர்ப்பேன், நான்கு மாதத்தில்’ என்ற வரி சொல்கிறது.

ஒப்பந்தத்தில் ராயல்டி விழுக்காட்டைப் பார்த்து மனம் மகிழவும் வேண்டாம், நோகவும் வேண்டாம். சில நூறு படிகளில் அது பெரிய தொகை ஆகப்போவதில்லை. பதிப்புரிமை யார் பெயரில், மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம், நூல் கிடைக்காமல் போனால் உரிமை எப்போது திரும்பும், அடுத்த நூலை இவர்களிடமே முதலில் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பவைதான் படிக்க வேண்டியவை. அந்தக் கடைசி விதியை நீக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் நீக்குவார்கள். அனுமதிக் கட்டணங்களும் சொல்லடைவுச் செலவும் யாருடையவை என்ற வரியையும் தேடுங்கள். அநேகமாக இரண்டும் உங்களுடையவை.

அனுமதிகளுக்கு வருவோம். இலக்கிய ஆய்வில் இதுதான் பெரிய சேறு. ‘300 சொல் வரை மேற்கோள் காட்டலாம்’, ‘நான்கு வரிக் கவிதைக்கு அனுமதி வேண்டாம்’ என்றெல்லாம் உலவும் எண்கள் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் இல்லை. அவை பதிப்பகங்கள் தம் வசதிக்கு வைத்துக்கொண்டவை. விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதைப் பல நாட்டுச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது மூலத்தின் அளவோடு ஒப்பிடப்படும். நாவலிலிருந்து 200 சொல் ஒன்றுமில்லை. 16 வரிக் கவிதையில் 12 வரி என்றால் கிட்டத்தட்ட முழுக் கவிதை. இயலின் தலைப்பில் தனியாக நிற்கும் முகப்பு மேற்கோளை நீங்கள் விமர்சிப்பதே இல்லை, ஆகவே அதற்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. திரைப்பாடல் வரியை அங்கே வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. விட்டுவிடுவதே மலிவு.

உரிமைக் காலத்தைப் பொதுவாக எழுத்தாளர் இறந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவார்கள். பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை வைக்கும் குறைந்தபட்சம் 50 ஆண்டு, இந்தியாவில் 60, பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70. பிரிட்டன் கவிஞர் ஒருவர் 1960இல் இறந்திருந்தால் இந்தியாவில் 2020 முடிவோடு உரிமை தீர்ந்தது, பிரிட்டனில் 2030 முடிவு வரை இருக்கும். உங்கள் நூல் இரண்டு இடத்திலும் விற்கும் என்பதால் நீண்ட காலத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். பழைய கவிதையின் உரிமை தீர்ந்திருந்தாலும் அதன் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

ஆவணக்காப்பகக் கடிதங்களில் இன்னொரு வலை இருக்கிறது. தாள் காப்பகத்துக்குச் சொந்தம். அதில் உள்ள சொற்கள் எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ சொந்தம். காப்பகம் தரும் அனுமதி பெரும்பாலும் முதலாவதற்கு மட்டும். பிரிட்டனில் இதில் ஒரு விசித்திரம்: எழுதியவர் 1989 ஆகஸ்ட் 1க்கு முன் இறந்து, அந்தத் தேதி வரை வெளிவராமலே இருந்த எழுத்துக்கு குறைந்தது 2039 முடிவு வரை உரிமை நீடிக்கிறது. அதன்படி பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிதத்துக்கும் இன்று உரிமை இருக்கக்கூடும். படங்களிலும் ஓவியத்துக்கு ஓர் உரிமை, அதை எடுத்த ஒளிப்படத்துக்கு வேறோர் உரிமை என்று இரண்டு வரலாம்.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: பக்கம், மூலம், எவ்வளவு எடுத்தது, உரிமையாளர், கடிதம் அனுப்பிய தேதி, பதில், கட்டணம், நன்றிக்குறிப்பில் அவர்கள் கேட்ட அதே சொற்கள். கடிதத்தில் உலகம் முழுதுக்கும், அச்சுக்கும் மின்னூலுக்கும், அப்பதிப்பு புழக்கத்தில் இருக்கும் காலம் முழுதுக்கும் என்று கேளுங்கள். அச்சுக்கு மட்டும் வாங்கிவிட்டால் மின்னூலில் அந்தப் படம் இருந்த இடத்தில் வெற்றுச் சட்டம்தான் நிற்கும். பதில் வர ஆறு மாதம் ஆகலாம். ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே தொடங்கினால் இறுதிப்படியோடு சேர்ந்து முடியும். அனுமதிகள் முழுதாகக் கைக்கு வராமல் பல பதிப்பகங்கள் தயாரிப்பைத் தொடங்கவே தொடங்காது.

இறுதிப்படியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிப்பகத்தின் நடைக்கையேடு (மேற்கோள், குறிப்பு, எழுத்துமுறை விதிகளின் தொகுப்பு) எதுவோ அதைப் பின்பற்றுங்கள். சிகாகோ கையேடு என்றால் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 17ஆம் பதிப்பு 2017இல் வந்தது, 18 2024இல். வேற்று எழுத்திலுள்ள மேற்கோள்கள் எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டிய பகுதிகள் பதிப்பகத்தின் கணினியில் குப்பையாகத் தெரியும், அதை மெய்ப்பில்தான் (அச்சுக்கு முன் சரிபார்க்க வரும் பக்கங்களில்) கண்டுபிடிப்பீர்கள். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையை எடுத்து, முன்னுரைக்கு முன் அரைப் பக்கக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி: 12 செ.மீ. அகலத்தில் வரும் படத்துக்கு ஏறக்குறைய 1,420 பிக்சல் வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய 600 பிக்சல் படம் 5 செ.மீ. அளவில்தான் தெளிவாக இருக்கும். மென்பொருளில் பெரிதாக்கினால் பிக்சல் கூடும், தெளிவு கூடாது.

செப்பனிட்ட கோப்பு திரும்பி வரும்போதுதான் உரையை மாற்றக் கடைசி வாய்ப்பு. அதன் பிறகு வருவது பக்க மெய்ப்பு. அதில் அச்சுப் பிழையைத் திருத்தலாம், மனம் மாறியதைத் திருத்தக் கூடாது. ஒரு பத்தியைச் சேர்த்தால் வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், இயல் முடியும் வரை பக்க எண்கள் நகரும், சொல்லடைவு முழுதும் பிழையாகும். தவிர்க்கவே முடியாத திருத்தம் என்றால் அதே பத்தியில் ஏறக்குறைய அதே அளவு எழுத்துகளை நீக்கி ஈடுகட்டுங்கள். எழுத்தாளர் செய்யும் மாற்றம் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால் செலவை ராயல்டியிலிருந்து கழிக்கும் விதி பல ஒப்பந்தங்களில் உண்டு.

சொல்லடைவு தயாரிக்க இரண்டு மூன்று வாரமே கிடைக்கும், அதுவும் மெய்ப்பு பார்க்கும் அதே வாரங்களில். பொறுமை இல்லையென்றால் தொழில்முறை ஆளிடம் கொடுங்கள். பக்கக் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள், மாதங்களுக்கு முன்பே நாள் பேசி வைக்க வேண்டும். நீங்களே செய்வதானால் தலைச்சொற்களின் பட்டியலைச் செப்பனிடும் கட்டத்திலேயே எழுதி வைத்து, மெய்ப்பு வந்ததும் பக்க எண்களை மட்டும் நிரப்புங்கள். கணினியில் சொல்லைத் தேடி வரும் எண்களைக் கொட்டுவது சொல்லடைவு ஆகாது. ‘தேசியம்’ என்ற சொல்லே இல்லாமல் நான்கு பக்கம் தேசியத்தைப் பேசியிருப்பீர்கள்; இன்னோரிடத்தில் அச்சொல் பேச்சுவாக்கில் வந்திருக்கும். முதலாவது இடம்பெற வேண்டும், இரண்டாவது கூடாது. ஒரு தலைச்சொல்லின் கீழ் ஐந்தாறு எண்ணுக்கு மேல் வரிசையாக நின்றால் உட்தலைப்புகளாகப் பிரியுங்கள், 23 எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வாசகர் கிடையாது. முன்னெழுத்தோடு வரும் பெயர்களையும் கவனியுங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எண்ணிச் செப்பனிடுபவர் மாற்றி அடுக்கிவிட்டால் ஒரே ஆள் நூற்பட்டியலில் ஓரிடத்திலும் சொல்லடைவில் வேறிடத்திலும் இருப்பார்.

திறந்த அணுக்கம், அதாவது யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும்படி வைப்பது, பற்றியும் கேட்பார்கள். நூலைத் திறந்து வைக்கப் பதிப்பகம் கேட்கும் கட்டணம் பெரிது; நிதி தரும் அமைப்போ பல்கலைக்கழகமோ கொடுத்தால் ஒழிய சொந்தப் பணத்தில் செய்ய வேண்டாம். பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பு தன் நிதியில் உருவாகி 2024 ஜனவரி 1 முதல் வெளியாகும் ஆய்வு நூல்கள் பன்னிரண்டு மாதத்துக்குள் திறக்கப்பட வேண்டும் என்கிறது. இப்படி ஒரு கட்டுப்பாடு உங்கள் நிதிக்கும் இருந்தால் முன்மொழிவிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டணமே வாங்காமல் நூலகங்களின் பங்களிப்பில் நடக்கும் இதழ்களும் இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலத் துறைகளில் உண்டு. ஓபன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டீஸ் 2015 முதல் அப்படி இயங்குகிறது. திறந்த உரிமம் உங்கள் எழுத்துக்கு மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம். பிறரிடம் வாங்கிய படத்தின் கீழ் அது உரிமத்துக்கு வெளியே என்று குறிக்க வேண்டும், சில உரிமையாளர்கள் திறந்த நூலுக்கு அனுமதியே தர மாட்டார்கள்.

நூல் வெளிவருவதற்குச் சில மாதம் முன்னால் பதிப்பகம் ஒரு நீண்ட வினாப்படிவம் அனுப்பும்: மதிப்புரைக்கு எந்த இதழ்கள், எந்தப் பரிசுகள், எந்த மாநாடுகள். சோர்வில் இதை அரைகுறையாக நிரப்புகிறவர்களே அதிகம். பரிசுகளை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டார், கடைசித் தேதிகளோடு எழுதிக் கொடுங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் எந்த ஆண்டு அச்சாகப் போகிறது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் வரும் நூல்களுக்கு அடுத்த ஆண்டை அச்சிடுவது பதிப்பகங்களிடையே வழக்கம். பெரும்பாலான பரிசுகளும் பதவி உயர்வுப் படிவங்களும் அந்த அச்சிட்ட ஆண்டைத்தான் பார்க்கும்.